உன் பெயரில் என் நாணயம்

மார்ச் 4

தம்பிக்கு,

என் நாணயத்தை நீ எடுத்து உன் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறாய். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கார் வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். உனக்கு நாணயம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாருக்கு? எனக்கு.

விவரமாகவே எழுதுகிறேன். எங்கள் டிரைவிங் ஸ்கூலை முதலாளி மூடப்போகிறார். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறதாம், மகள் வீட்டோடு போய்விடுகிறாராம். மேசை நாற்காலியெல்லாம் யாருக்கோ பேசியாகிவிட்டது. காரை மட்டும் எனக்கென்று வைத்திருக்கிறார். பதினோரு வருடமாக நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த கார். ஓட்டுகிறவர் காலுக்கு ஒரு பிரேக், என் காலுக்கு ஒரு பிரேக். என் பிரேக்கின் ரப்பர் என் செருப்பின் வடிவத்துக்கே தேய்ந்து போயிருக்கிறது. "ஏப்ரல் கடைசி வரைக்கும் வேற யார்கிட்டயும் கொடுக்க மாட்டேன். அதுக்குள்ள பணத்தைப் பார்த்துக்கோம்மா" என்றார். கார் கையில் இருந்தால் தனியாகவே நடத்திவிடுவேன். என்னிடம் மட்டும்தான் கற்பேன் என்று காத்திருக்கும் பெண்களே போதும். கார் இல்லாவிட்டால் பயிற்சியாளர் லைசென்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விலையில் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து வைத்திருக்கிறேன். மீதிக்குத்தான் வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த பெண் நல்ல பெண். உட்காரச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தாள். அதில் "கடன் வரலாறு" என்று ஒரு கட்டம். விரல்நகம் அளவுகூட இல்லை. வரலாறு கேட்டால் அதில் எப்படி எழுதுவது? தனித்தாள் வாங்கி நான்கு பக்கம் எழுதினேன். அம்மா காலத்திலிருந்து நம் வீட்டில் எந்தக் கடையிலும் பற்று வைத்ததில்லை என்று எழுதினேன். ஒருமுறை நடுத்தெருவில் செருப்பு அறுந்து, கையில் காசில்லாமல், பழகிய கடையில் கடன் சொல்லவும் மனமில்லாமல், வெறுங்காலோடு வீட்டுக்கு வந்ததை எழுதினேன். உன் பைக் கடனுக்கு நான் பைனான்ஸ் கம்பெனி வரிசையில் நின்று ஒரு மாதம்கூடத் தவறாமல் தவணை கட்டியதை எழுதினேன்.

அந்தப் பெண் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. கடைசி வரை படித்தாள். பிறகு கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, எனக்குக் கடன் ஸ்கோர் இல்லை என்றாள்.

குறைச்சலா என்று கேட்டேன்.

"குறைச்சல்னாகூட ஏதாவது பண்ணலாம்மா. உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே. நீங்க இருக்கீங்கன்னே இதுக்குத் தெரியல."

கடன் வாங்கி இழுத்தடித்தவனுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். வட்டி கொஞ்சம் கூட்டிக் கொடுப்போம் என்றாள். எனக்கு? தலையை ஆட்டினாள். என் தம்பிக்குக் கட்டினேனே, அது எங்கே போயிற்று என்றேன்.

"யார் பேர்ல கடனோ அவங்க பேர்லதாம்மா ஏறும். யார் கட்டினாலும்."

புரிந்ததா? வெயிலில் நின்றவள் நான். நல்ல பெயர் உனக்கு. ஆகவே நீ வங்கிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தத் தவணைகளைக் கட்டியது என் அக்காதான், அவளுடைய நாணயத்தை அவள் பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்று. தாமதம் கூடாது.

அக்கா

—

மார்ச் 13

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. போனை எடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்திருக்கலாம். எட்டு மாதமாக நான் அடிப்பதும் நீ எடுக்காததும்தான் நடக்கிறது. தபால்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். இந்தக் கட்டிடத்திலேயே கையால் எழுதிய கடிதம் எனக்கு மட்டும்தான் வருகிறதாம்.

நான் லிப்ட் ரிப்பேர் செய்கிறவன், பைனான்ஸ் எனக்குத் தெரியாது. அதனால் எங்கள் கம்பெனிக் கணக்கரிடம் கேட்டேன். நீ சொன்னபடி கடிதம் எழுத முடியுமா என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சிரித்தார். அப்படி மாற்றுவதற்கு வழியே இல்லையாம். ஒருவர் எழுதிய பரீட்சையின் மார்க்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றச் சொல்வது மாதிரியாம்.

அப்புறம், நீ எழுதியதைப் படித்தால் என்னவோ நான் திருடிவிட்டுப் பதுங்கியிருப்பது போல இருக்கிறது. முதல் வருடத் தவணை முழுக்க நான் மாதாமாதம் உனக்கு அனுப்பிய பணம்தான். அதையும் வரலாற்றில் எழுதினாயா? அதற்குப் பிறகுதான் நான் அப்போது வேலை பார்த்த பாக்டரியை மூடிவிட்டார்கள், வேலையில்லாமல் இரண்டு வருடம் அலைந்தேன். அந்த இரண்டு வருடம் நீ கட்டினாய். நான் மறுக்கவில்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எத்தனை முறை வந்தேன்? கையை நீட்டினால் கதவைச் சாத்துகிறவள் நீ.

இப்போது ஒரு வழி சொல்கிறேன், கோபப்படாமல் கேள். காருக்குக் குறைகிற பணத்தில் என்னால் முடிந்ததை அனுப்பிவைக்கிறேன். மிச்சத்துக்கு முதலாளியிடம் தவணை சொல்லிக்கொள். நீ முடியும்போது கொடு, கொடுக்காவிட்டாலும் சரி. இவளிடம் சொல்ல வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

—

மார்ச் 20

தம்பிக்கு,

"இவளிடம் சொல்ல வேண்டாம்." இந்த ஒரு வரிக்காகத்தான் எட்டு மாதமாக நான் போனை எடுக்கவில்லை. அதையே திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறாய்.

மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். உன் மகளின் பிறந்தநாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். புதுவீட்டுக்கு உனக்கு எவ்வளவு சுலபமாகக் கடன் கிடைத்தது என்ற பேச்சு வந்தது. உன் மனைவி பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் பைக்குக்குக் கட்டின தவணையில ஒண்ணுகூடப் பிந்தினதில்ல. அதான் இப்ப பேங்க்காரனே கூப்பிட்டுக் கொடுக்கிறான். அண்ணியும்தான் இருக்காங்க, இத்தனை வயசுல ஒரு பேங்க் படி ஏறியிருப்பாங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். அவள் கேலியாகச் சொன்னாள், வன்மமாக அல்ல. அவளுக்குத் தெரியாது. தெரிந்த ஆள் நீ ஒருவன். நீ தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரைக் குடித்தாய். குடித்த டம்ளரை மறுபடி நிரப்பி மறுபடி குடித்தாய். நான் என் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன்.

உன் பணம் எனக்கு வேண்டாம். யாருக்கும் தெரியாமல் கொடுப்பதை நான் வாங்கி ஓட்டினால், அந்தக் காருக்குள் உட்காரும்போதெல்லாம் நீ தண்ணீர் குடிப்பதுதான் கண்ணுக்குத் தெரியும்.

வங்கிக்கு மறுபடி போனேன். அந்தப் பெண் இரண்டு வழி சொன்னாள். ஒன்று, ஏதாவது சின்னப் பொருளைத் தவணையில் வாங்கி ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினால் என் பெயரில் ஸ்கோர் முளைக்குமாம். வீட்டில் துணி துவைக்கும் மெஷின் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு கை இருக்கிறது என்றேன். எனக்குத் தேவையில்லாத மெஷினை, என்னிடம் இருக்கிற பணத்தைக் கொடுக்காமல், இல்லாதது போல நடித்து வட்டியோடு வாங்க வேண்டும். அப்போதுதான் நான் யோக்கியமானவள் என்று கம்ப்யூட்டர் நம்புமாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மிச்சத்தையெல்லாம் நானாகவே படித்துக்கொண்டவள் நான். இந்தப் பாடம் மட்டும் எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. ஏறினாலும் ஆறு மாதத்துக்கு எங்கே போவது? ஏப்ரலோடு கெடு.

இன்னொரு வழி ஜாமீன். நல்ல ஸ்கோர் உள்ள ஒருவர் கூடக் கையெழுத்துப் போட்டால் தருவார்களாம். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஒருவர் ஜாமீனா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்கூலுக்குத் திரும்பினால் வாசலில் ஒரு கோழிக்கடைக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கதவை ஓங்கிச் சாத்திப் பார்த்தார். பின்சீட்டைத் தூக்கிவிட்டால் எத்தனை கூடை வைக்கலாம் என்று முழம் போட்டார். "இந்த ரெண்டாவது பிரேக் எதுக்குங்க, இடைஞ்சலா? கழட்டிடலாம்ல?" என்று முதலாளியைக் கேட்டார். கெடு முடியட்டும் என்று முதலாளி சொன்னார். அவர் சொன்ன விதத்தில் முன்பிருந்த அழுத்தம் இல்லை. கோழிக்கடைக்காரர் முழுப் பணத்தையும் கையில் தருகிறாராம்.

அக்கா

—

மார்ச் 29

பிரேக் அக்காவுக்கு,

உன்னிடம் கற்றுக்கொள்ளும் பெண்கள் உன்னை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்பப் பொருத்தம். யார் நல்லது செய்ய வந்தாலும் உடனே மிதித்துவிடுகிறாய்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை என்கிறாய். சரி. யாரிடமும் சொல்லாதே என்று அடித்துச் சொன்னது யார்? பாக்டரி மூடிய மறுமாதம், பைனான்ஸ் கம்பெனி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கட்டுறேன், ஆனா இது வெளிய போகக்கூடாது, உன் பெண்டாட்டிகிட்டக்கூட" என்று சொன்னது யார்? நீ சொன்னபடி நடந்ததற்கு எட்டு மாதத் தண்டனை. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

இருக்கட்டும். சண்டை போட இதை எழுதவில்லை. உன் பிரச்சினையை முடித்துவிட்டேன். நேற்று சாப்பாட்டு நேரத்தில் என் வங்கியிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. வாகனக் கடன் தயார், அமுக்குங்கள் என்றது. அமுக்கினேன். இரண்டு கேள்வி கேட்டது, பத்து நிமிடத்தில் சரி என்றுவிட்டது. உங்கள் முதலாளியோடு பேசி முன்பணமும் அனுப்பியாயிற்று. கோழிக்கடைக்காரர் இனி வரமாட்டார். கார் உனக்குத்தான்.

பேப்பரெல்லாம் என் பெயரில் இருக்கும், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நீ மாதாமாதம் தவணையை மட்டும் என் கணக்கில் போட்டுவிடு. முன்பு கட்டினாயே, அதே மாதிரிதான்.

இப்போதாவது போனை எடு.

தம்பி

—

ஏப்ரல் 3

தம்பிக்கு,

நீ எழுதியதை நீயே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார். "முன்பு கட்டினாயே, அதே மாதிரிதான்." எந்த வியாதிக்கு நான் மருந்து தேடி அலைகிறேனோ, அதையே இன்னொரு தடவை பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறாய். நான் கட்ட வேண்டும், உன் பெயரில் ஏற வேண்டும். அறுபது வயதில் நான் மறுபடி வங்கிக்குப் போனால், இந்த அம்மா இருக்கிறாள் என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

நான் இரண்டு முறை போய் நின்ற இடத்தில் உனக்குச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம். அதை எனக்கே பெருமையாக எழுதுகிறாய்.

சொல்லாதே என்றேன், ஆமாம். நீ வேலையில்லாமல் இருந்தபோது உன் மனைவி முன்னால் நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அது அந்தக் காலத்துக்குச் சொன்னது. ஆயுளுக்குச் சொன்னதல்ல. உனக்கு வேலை கிடைத்தது, வீடு வாங்கினாய், தொந்தியும் போட்டுவிட்டது. அதற்கு மேலும் யாரை நிமிர்த்துவதற்காக மூடி வைத்திருந்தாய்?

முதலாளி பல்லெல்லாம் தெரிய வந்து, "தம்பி தங்கமான ஆளும்மா" என்றார். கார் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். காலை வகுப்புக்கு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினேன். ஒருத்திக்கு இன்னும் இரண்டு வாரத்தில் லைசென்ஸ் டெஸ்ட். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை. ஆனாலும் உன் பெயரில் இருக்கும் காரின் பிரேக்கை என் கால் தொடாது.

அமுக்கியதைத் திருப்பி அமுக்கு.

அக்கா

—

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

திருப்பி அமுக்கிவிட்டேன். அமுக்குவது பத்து நிமிடம், திருப்பி அமுக்குவது ஆறு நாள். அதற்கென்று ஒரு கட்டணமும் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி முன்பணத்தை இன்னும் திருப்பவில்லை, அக்காவும் தம்பியும் முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்கிறார். அவருக்கும் அலுத்துவிட்டது.

இவளிடம் சொல்லிவிட்டேன். நானாக வீரமாகச் சொல்லவில்லை, பொய் எழுத மாட்டேன். கடனை ஏன் ரத்து செய்கிறேன் என்று வங்கியிலிருந்து கேட்டார்கள், இவள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஏன் என்று அவளும் கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உன் கடிதத்தில் இருந்த தண்ணீர் டம்ளர் ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. என் சட்டையொன்றை இரண்டு முறை பிரித்து இரண்டு முறை மடித்தாள். பிறகு கேட்டாள்:

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அண்ணியை நான் அப்படிப் பேசினப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்கதானே பிரேக் போடணும்? உங்க அக்காகிட்ட அதைக்கூடக் கத்துக்கலையா?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சாப்பாடு மேசைக்கு வருகிறது, ஆள் வருவதில்லை. மகளை விட்டுத்தான் எனக்குச் செய்தி சொல்கிறாள். ஒரு வீட்டில் ஒருத்தி போன் எடுக்காமல் இருந்தாள், இப்போது இன்னொருத்தி எதிரிலேயே இருந்துகொண்டு எடுக்காமல் இருக்கிறாள்.

நீ போன வங்கிக்கு நானே போன் செய்தேன். அந்தக் கடன் பிரிவுப் பெண்தான் பேசினாள். நான்கு பக்கம் எழுதிக்கொடுத்த அம்மாவின் தம்பியா என்று கேட்டாள். அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறாளாம். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கடன் உன் பெயரில்தான் வரும், கார் உன் பெயரில்தான் இருக்கும், நீ கட்டும் ஒவ்வொரு தவணையும் உன் பெயரில்தான் ஏறும் என்று மூன்று முறை சொன்னாள். நீ கட்டாமல் விட்டால்தான் என்னைத் தேடி வருவார்களாம். நீ கட்டாமல் விடுவாயா என்று அவளே கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

எனக்குத் தலை சுற்றுகிறது அக்கா. பணம் கொடுத்தால் தப்பு, கார் வாங்கிக் கொடுத்தால் தப்பு, சொல்லாவிட்டால் தப்பு, சொன்னால் வீட்டில் அடுப்பே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. உனக்கு என்னதான் வேண்டும்? யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்பு. அப்படியே செய்கிறேன்.

தம்பி

—

ஏப்ரல் 17

தம்பிக்கு,

இப்போதுதான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். இதற்கு முன் வந்தவையெல்லாம் சாக்கு.

ஜாமீன் என்ற வார்த்தை என்னை எழுந்து வரச் செய்தது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதினோரு வருடமாக நான் செய்த வேலை என்ன? ஓட்டுகிறவள் ஓட்டுவாள். ஸ்டீயரிங் அவள் கையில், லைசென்ஸ் அவள் பெயரில். பக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அவள் ஒழுங்காக ஓட்டினால் என் பிரேக்குக்கு வேலையே இல்லை. அதனால் யாராவது ஒருத்தி தன்னைக் கேவலமாக நினைத்தாளா? இல்லை. அப்படியானால் நானும் நினைக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று. பக்கத்து சீட்டில் இருக்கிறவர் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. நீ தொட்டாய். அதற்கு நான் மிதித்தேன். மிதித்தது சரிதான்.

வரிசையாகக் கேட்டாய், எழுதுகிறேன். இதில் பேரம் கிடையாது.

நீ: திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வா. வங்கியில் ஜாமீன் என்று போட்டிருக்கும் இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடு. மேலே என் பெயர் இருக்கும் வரியில் உன் பேனா படக்கூடாது. முன்பணம் அனுப்பியதைக் கார் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லாதே, முதலாளியிடமிருந்து நீயே வாங்கிக்கொண்டு போ. பிறந்தநாளன்று சாப்பிட உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் போன் செய்து, அந்தத் தவணைகளை யார் கட்டியது என்று சொல். முதல் வருடம் நீ அனுப்பிய பணம் என்பதையும் சேர்த்துச் சொல், எனக்கு இனாம் வேண்டாம்.

முதலாளி: ஏப்ரல் கடைசி வரை என்று சொன்னது ஏப்ரல் கடைசி வரைதான். சாவியை என்னைத் தவிர யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஸ்கூல் பெயர்ப்பலகையை மேலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது பிரேக்கில் ஒரு திருகாணிகூடக் கழலக் கூடாது. இதை அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், தலையில் கை வைத்துக்கொண்டு சரி என்றார்.

கோழிக்கடைக்காரர்: அவர் வேறு வண்டி பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது கதவைச் சாத்திய விதத்திலேயே தெரிந்தது. கற்றுக்கொள்ள வேண்டுமானால் வரலாம்.

வங்கிப் பெண்: என் நான்கு பக்கங்களைத் திருப்பித் தர வேண்டாம், பைலிலேயே இருக்கட்டும். கட்டம் சின்னதாக இருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

உன் மனைவி: அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. தெரியாமல் பேசியவள் கேட்க வேண்டியதில்லை. உன்னோடு எப்போது பேசுவது என்பது அவள் இஷ்டம், அதில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கார் வந்த பிறகு அவள் இங்கே வந்து வண்டி கற்றுக்கொள்ள வேண்டும். பிரேக் எப்போது போடுவது என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, மீதி சுலபம். நீ பின்சீட்டில் உட்காரலாம். அங்கே பெடல் கிடையாது.

நான்: டெஸ்ட்டுக்குப் போக வேண்டிய பெண்ணை, முதலாளியிடம் காருக்குக் கெஞ்சி நாளைக்கே கூட்டிப்போவேன், அவள் தவிக்கக் கூடாது. மாதம் பத்தாம் தேதி தவணை கட்டுவேன். கணக்கிலிருந்து தானாகப் போய்விடும் என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம், முதல் தவணையை வரிசையில் நின்று கட்டி ரசீது வாங்குவேன்.

அன்று சாயங்காலம் போன் செய். எடுப்பேன். உன் மனைவிக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்துவிட்டு, ரசீதில் யார் பெயர் போட்டிருக்கிறது என்று என்னைக் கேள்.

அக்கா